சூடேறும் பழைய டட்சன்: ரேடியேட்டர் வாங்குவதற்கு முன்னால்

சிங்கப்பூரில் பழைய ஸ்போர்ட்ஸ் காடி (கார்) வைத்திருப்பவர்கள் நாலு பேர் கோப்பிக்கடையில் உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் பேச்சு எஞ்சின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் முள்ளில் வந்து நிற்கும். "நம்ம ஊரு வெயில் அப்படி, என்ன செய்றது" என்பார் ஒருவர். "பெரிய அலுமினிய ரேடியேட்டரா போட்டுடுங்க அண்ணே" என்பார் இன்னொருவர். ரேடியேட்டர் என்பது எஞ்சினைச் சுற்றிச் சூடாகி வரும் தண்ணீரைக் காற்றில் ஆறவைக்கும் பாகம். இரண்டு பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை.

என்னிடம் இருப்பது நிசான் கம்பெனி டட்சன் என்ற பெயரில் விற்ற 240இசட். எல்24 எஞ்சின், 2393 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், இரும்பு பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்), அலுமினிய ஹெட் (அதன் மேல்மூடி). இந்த மாடல்தான் 1971இலும் 1973இலும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை ஜெயித்தது. 1973இல் ஓட்டியவர் இந்திய வம்சாவளிக்காரரான சேகர் மேத்தா. ஆப்பிரிக்கப் புழுதியிலும் சேற்றிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாங்கிய எஞ்சின், தீவு விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் கொதிக்கிறது என்றால் வெயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. இங்கே பதிவான உச்ச வெப்பமே 37 டிகிரி. 1983இல் ஒருமுறை, 2023இல் ஒருமுறை. எஞ்சினோ 82 டிகிரியிலும் அதற்கு மேலும் வேலை செய்வதற்காகவே செய்யப்பட்டது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி தாராளமாக இருக்கிறது.

என் கணிப்பு வேறு. இங்குள்ள பழைய காடிகள் ஓடிச் சூடாவதில்லை, நின்று நின்று கெட்டுப்போய்ச் சூடாகின்றன. கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்த வண்டியை வருடத்துக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம். மிச்ச நாளெல்லாம் அது நிறுத்துமிடத்தில் உறை போர்த்திக் கிடக்கும். அப்படிக் கிடக்கும்போதுதான் பிளாக்குக்குள் துரு படிகிறது, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இறுகுகிறது, பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைக்குண்டுகள் ஒட்டிக்கொள்கின்றன, விசிறியை எஞ்சினோடு இணைக்கும் விசிறி கிளட்ச்சின் சிலிக்கோன் எண்ணெய் கசிந்து போகிறது. புது ரேடியேட்டர் இதில் ஒன்றையும் சரிசெய்யாது.

ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் டீசல் எஞ்சின்களோடு காலம் தள்ளியவன் நான். கப்பலில் எஞ்சின் சூடானால் யாரும் ஸ்பேனரை எடுக்க மாட்டார்கள், லாக் புத்தகத்தைத்தான் எடுப்பார்கள். எந்த லோடில், எவ்வளவு நேரத்தில், உள்ளே போன தண்ணீர் எத்தனை டிகிரி, வெளியே வந்தது எத்தனை டிகிரி? காடிக்கும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போடுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த நோட்டில் ஏதாவது எழுதியிருந்தால்தான் உதவும்.

முள் சொல்வது உண்மையா?

முதல் சந்தேகம் முள்மேல் வரவேண்டும். பழைய மீட்டருக்குப் போகும் வயர் ஒன்றுதான்; மறுபாதை எஞ்சினின் எர்த் வழியாகத் திரும்புகிறது. சென்சாரின் திருகு மரை முழுக்க டேப் சுற்றிவைத்தாலோ, எர்த் பட்டை துருப்பிடித்தாலோ முள் பொய் சொல்லும். சென்சார் வேறு கம்பெனிச் சரக்கு என்றால் மீட்டரோடு பொருந்தாமல் எப்போதும் பத்து டிகிரி கூட்டியோ குறைத்தோ காட்டலாம்.

ஒரு இன்ஃப்ராரெட் வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதன் கூட்டின்மேல் நேராகப் பிடித்தால் தவறான எண் வரும், ஏனென்றால் பளபளக்கும் அலுமினியம் சூட்டைச் சரியாக வெளிவிடாது. உள்ளபடியைவிடக் குறைவாகவே காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அங்கே ஒட்டி, அதன்மேல் பிடியுங்கள். அந்த எண்ணையும் முள் நிற்கும் இடத்தையும் நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். நல்ல நிலையில் இருக்கும் எஞ்சின் நம் ஊர் நெரிசலில் 95 வரை ஏறி இறங்கினாலும் பயமில்லை. அலறியடித்து வந்தவர்களில் சிலருக்கு மருத்துவம் இந்த டேப்போடு முடிந்துவிட்டது.

எப்போது சூடாகிறது?

இதுதான் முழு விஷயமும். பாகத்தின் பெயரை அப்புறம் பார்க்கலாம், நேரத்தை முதலில் எழுதுங்கள்.

நெரிசலில் ஏறி, சாலை திறந்ததும் இறங்கினால் காற்று போதவில்லை. விசிறி, அதைச் சுற்றிய ஷ்ரவுட் என்ற கூடு, முன்னால் மாட்டியிருக்கும் ஏர்கோன் கண்டென்சர், இவற்றில் ஒன்று.

நெரிசலில் சும்மா இருந்து, விரைவுச்சாலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் தண்ணீர் ஓட்டமோ ரேடியேட்டரோ சரியில்லை. அதுவும் இல்லையென்றால் எஞ்சின் தேவைக்குமேல் சூட்டை உண்டாக்குகிறது: தீப்பொறியின் டைமிங் பின்தங்கிவிட்டது, அல்லது கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கிறது.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய சில நிமிடத்திலேயே முள் மேலே போய் ஒட்டிக்கொண்டால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அல்லது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

ஓடும்போது ஒன்றுமில்லாமல், நிறுத்திய பிறகு குமிழி விட்டுத் தண்ணீர் துப்பினால் பெரும்பாலும் மூடி. எஞ்சின் நின்றதும் பம்ப் நின்றுவிடுகிறது, ஆனால் ஹெட்டில் இருக்கும் சூடு அந்தத் தண்ணீருக்குள்தான் இறங்க வேண்டும். அழுத்தம் பிடிக்காத மூடி அந்த நேரத்தில் கையை விரித்துவிடும்.

இன்னொன்று இருக்கிறது, அது சூடேறும் கோளாறே இல்லை. 240இசட்டில் கார்புரேட்டர்களும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, பணம் கட்டிவிட்டு வந்து கிளப்பினால் எஞ்சின் முக்கி முனகும். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகிவிட்டது, அவ்வளவுதான். தடுப்புத் தகடு இருக்கிறதா, பெட்ரோல் குழாய் எங்கே உரசிப் போகிறது என்று பாருங்கள். இதற்காக ரேடியேட்டரை மாற்றியவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

மூடியில் தொடங்குங்கள்

விலை குறைந்ததையே முதலில் பார்க்க வேண்டும். கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தம் பிடிக்கும் மூடி சரியாக இருந்தால் அதே தண்ணீர் ஏறக்குறைய 118 வரை கொதிக்காது. மூடி கெட்டால் அந்தப் பதினெட்டு டிகிரியும் கையை விட்டுப் போய்விடுகிறது.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீழே இருக்கும் பெரிய ரப்பர் வளையத்தில் ரேடியேட்டர் வாயின் விளிம்பு ஆழமாகப் பதிந்து, அந்தத் தடம் நகத்தால் அழுத்தினாலும் எழும்பாமல் கிடந்தால் ரப்பர் செத்துவிட்டது. நடுவில் பொத்தான் அளவில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதை நகத்தால் இழுத்தால் லேசாக வந்து, விட்டதும் திரும்பி ஒட்ட வேண்டும். அது அசையாவிட்டால் எஞ்சின் ஆறும்போது வெளியிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்க முடியாது, மேல் ஹோஸ் சப்பையாக உறிஞ்சப்பட்டுக் கிடக்கும். காலையில் பானட்டைத் திறந்து அப்படி ஒரு ஹோஸைப் பார்த்தால் வேறெதையும் தேட வேண்டாம். மூடி உட்காரும் வாயின் உள்விளிம்பையும் விரலால் தடவுங்கள். அங்கே பள்ளமோ வளைவோ இருந்தால் புது மூடியும் பிடிக்காது.

முதல் 240இசட்களில் வழிந்து வரும் தண்ணீரைப் பிடித்து வைக்கப் புட்டி கிடையாது. குழாய் நேராகத் தரையைப் பார்க்கும். ஒருமுறை துப்பினால் துப்பியதுதான். ஒரு சின்ன புட்டியைப் பொருத்தி, குழாயின் நுனி எப்போதும் தண்ணீருக்குள் முங்கியிருக்கும்படி விடுங்கள். பழமை கெட்டுவிடும் என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒளித்து வையுங்கள்.

தண்ணீர் ஓட்டம்

இங்கேதான் நம் வண்டிகளில் பெரும்பாலானவை மாட்டுகின்றன, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இரும்பு பிளாக்கில் நல்ல கூலண்ட் (தண்ணீரோடு கலக்கும் துருத் தடுப்புத் திரவம்) இல்லாமல் தண்ணீர் நின்றால் துரு வரும். ஓடும் வண்டியில் அந்தத் துரு சுற்றிக்கொண்டே இருக்கும். நிற்கும் வண்டியில் அது கீழே படிந்து, பம்ப்பிலிருந்து தூரத்தில் இருக்கும் கடைசி சிலிண்டர்களைச் சுற்றி இறுகிவிடும். சென்சார் இருப்பது முன்பக்கம், தெர்மோஸ்டாட்டுக்கு அருகில். பின்னால் ஆறாவது சிலிண்டர் வேகும்போது முன்னால் முள் பேசாமல் இருக்கலாம்.

ரேடியேட்டரின் கீழ்க்குழாயை மட்டும் திறந்து விட்டால் பிளாக்கின் வண்டல் வராது. பிளாக்கின் பக்கவாட்டில் தனியாக ஒரு திருகு இருக்கிறது. எத்தனையோ பேர் அதைத் தொட்டதே இல்லை. முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து, ஆறு முனை சாக்கெட் வைத்து, வழுக்கவிடாமல் மெதுவாகத் திருப்புங்கள். திருகு வெளியே வந்தும் ஒரு சொட்டுகூட வராமல் இருக்கலாம். அப்போது சந்தோஷப்பட வேண்டும், வில்லன் அகப்பட்டுவிட்டான். வளைந்த கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் கிளறுங்கள். முதலில் கோப்பி மண்டி மாதிரி கெட்டியாக ஒன்று எட்டிப் பார்க்கும், பிறகு கம்பியைத் தள்ளிக்கொண்டு செம்பழுப்புத் தண்ணீர் பீய்ச்சும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, மேல்பக்கத்திலிருந்து தோட்டத்து ஹோஸால் தண்ணீர் விட்டு, அந்தத் துளையில் தெளிவாக வரும்வரை நிறுத்தாதீர்கள். அடுத்து ரேடியேட்டரைத் தனியாகக் கழற்றி, கீழ்வாயில் தண்ணீர் விட்டு மேல்வாயில் எடுங்கள். ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் கழுவினால்தான் குழாய்களின் மேல்முனையில் மாட்டிய தூள் வெளியேறும்.

ஆசிட் பற்றிக் கேட்பார்கள். ஹெட் அலுமினியம், ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் ஈயப் பற்றும். வீட்டில் தரை கழுவும் ஆசிட் பக்கமே போகாதீர்கள். குளிரூட்டு மண்டலத்துக்கென்று விற்கும் கழுவு திரவத்தை, புட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு மட்டும் ஓடவிட்டு, நல்ல தண்ணீரால் பலமுறை அலசுங்கள். இரவு முழுக்க ஊறவைத்தால் இன்னும் சுத்தமாகும் என்ற ஆசை அலுமினியத்துக்கு ஆகாது.

வெளியேறும் கூலண்டை வாளியில் பிடியுங்கள். இங்கே சாலையோரக் கால்வாய் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் நகர் நடுவே ஓடும் மழைநீரும் குடிதண்ணீர்க் கணக்கில்தான் சேர்கிறது. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு; அடுக்குமாடி புளோக் கீழே திரியும் பூனைகள் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். இந்த வேலையெல்லாம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் செய்யக்கூடியதும் இல்லை. சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ தெரிந்த பட்டறையில் ஓர் ஓரமாக இடம் கேளுங்கள். கழிவையும் அவர்களிடமே விட்டுவிடலாம்.

கழுவி முடிந்து ரேடியேட்டர் வண்டியில் இருக்கும்போது, எஞ்சின் சூடான நிலையில் அதன் முகத்தில் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் வரிசை வரிசையாகத் தடவுங்கள். வெப்பம் ஒரே சீராக மேலிருந்து கீழே குறைய வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்து கிடந்தால் அங்கே குழாய்கள் அடைத்துவிட்டன. கழுவியும் அந்தப் பட்டை போகாவிட்டால் அப்போது ரேடியேட்டர்காரரிடம் போங்கள். சின் மிங்கில் எனக்குத் தெரிந்த சீன அங்கிள் ஒருவர் மேல்தொட்டியின் பற்றை உருக்கிக் கழற்றி, உள்ளே கம்பி விட்டுக் குத்திக் காட்டுவார். பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாக, ஒரு வரிசை கூட்டிப் போட்டுக்கொள்வது அலுமினியம் வாங்குவதைவிட எனக்குப் பிடித்த வழி. காடியின் முகம் மாறாது, பற்றுப் பிரிந்தால் இங்கேயே ஒட்டவும் முடியும்.

பிறகு மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை எழுதுங்கள். சூடேறும் நேரத்தில் வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் தண்ணீர் மெதுவாக ஊர்கிறது: அடைப்பு, தேய்ந்த பம்ப், தளர்ந்த பெல்ட், பாதி திறந்த தெர்மோஸ்டாட். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் காற்று அதிலிருந்து சூட்டை எடுத்துப் போகவில்லை. இந்த ஒரு கணக்கு எத்தனையோ பாகங்களின் விலையை மிச்சப்படுத்தும்.

கீழ் ஹோஸைப் பற்றி ஒரு வார்த்தை. அது பம்ப்பின் உறிஞ்சும் பக்கம். ரப்பர் தளர்ந்திருந்தால் 4000 ஆர்பிஎம்மில் உள்ளுக்குள் சுருங்கி ஓட்டத்தை அடைக்கும். ஐட்லிங்கில் விட்டுப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் டார்ச் அடித்துப் பாருங்கள், கழுத்துத் துணியும் தளர்ந்த சட்டைக் கையும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வராமல். பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அதிலிருந்து கோடு போட்டு வடிந்திருந்தால் சீல் போய்விட்டது. பெல்ட்டைப் பெருவிரலால் நடுவில் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு ஓட்டாதீர்கள்

"நம்ம ஊருக்கு எதுக்கு அது" என்று எடுத்து எறிந்தவர்கள் ஏராளம். அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடாகவே நேரம் பிடிக்கும், எண்ணெய் நீர்த்துப்போகும், சிலிண்டர் தேயும். இந்த எஞ்சினுக்கு நிசான் 82 டிகிரி தெர்மோஸ்டாட்டைப் பொதுவாகவும் 76.5 டிகிரியை வெப்ப நாடுகளுக்கும் கொடுத்தது. 76.5 போடுவதில் தப்பில்லை. ஆனால் அது நோய்க்கு மருந்தல்ல. தெர்மோஸ்டாட் எப்போது திறப்பது என்பதை மட்டும்தான் முடிவு செய்கிறது. ரேடியேட்டரால் சூட்டை விட முடியவில்லையென்றால் 76இல் திறந்தாலும் 110க்குத்தான் போய்ச் சேருவீர்கள், கொஞ்சம் தாமதமாக.

புதியதாக இருந்தாலும் போடுமுன் சோதியுங்கள். சட்டியில் தண்ணீர், நூலில் கட்டித் தொங்கவிட்ட தெர்மோஸ்டாட், பக்கத்தில் சமையல் வெப்பமானி. 82க்கு அருகே வாய் திறக்கத் தொடங்கி, 95இல் சுமார் 8 மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும். சட்டியின் அடியில் படாமல் தொங்கட்டும். சட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது வீட்டில் என்ன சொல்வீர்கள் என்பது உங்கள் பாடு.

மாட்டும்போது அதிலுள்ள சின்ன ஆடும் ஊசி மேல்பக்கம் வரட்டும், காற்று அந்த வழியாகத்தான் தப்பும். காடியின் மூக்கை ஜாக்கில் உயர்த்தி, ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்து, மெதுவாக ஊற்றுங்கள். இடையிடையே மேல் ஹோஸைப் பிசைந்து விடுங்கள். காற்று முழுவதும் போகாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு "இன்னும் சூடாகிறது" என்று முடிவுக்கு வர வேண்டாம்.

எதை ஊற்றுவது? உறைபனி இல்லாத ஊரில் பாதிக்குப் பாதி தேவையில்லை. கிளைக்கால் கூடக் கூடத் தண்ணீரின் சூடு சுமக்கும் சக்தி குறைகிறது. மூன்றில் ஒரு பங்கு கூலண்ட், மிச்சம் காய்ச்சி வடித்த தண்ணீர், இதுதான் என் அளவு. அதற்குக் கீழே போனால் துருத் தடுப்பு போதாது. பித்தளையும் ஈயப் பற்றும் உள்ள வண்டிக்குப் பழைய பச்சைவகைக் கூலண்டே நல்லது. வேறு நிறத்தோடு கலக்க வேண்டாம். கிலோமீட்டரைப் பார்க்காமல் காலத்தைப் பார்த்து மாற்றுங்கள், இரண்டு வருடம் போதும். நிற்கும் காடிக்குள்ளும் துருத் தடுப்பு மருந்து தீர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

காற்று

எஞ்சின் சூடாக ஐட்லிங்கில் இருக்கும்போது ரேடியேட்டருக்கு முன்னால், அதாவது விசிறிக்கு எதிர்ப்பக்கத்தில், நாள்காட்டியிலிருந்து கிழித்த ஒரு தாளைக் கொண்டுபோங்கள். தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நழுவி விழுந்தால் விசிறி காற்றை இழுக்கவில்லை. எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, விசிறியைக் கையால் சுற்றிவிடுங்கள். சூடான கிளட்ச் எதிர்த்து நின்று உடனே நிற்க வேண்டும். தாராளமாகச் சுற்றிக்கொண்டே போனால் கிளட்ச் காலி. நடுவில் எண்ணெய்ப் பிசுக்கு தெறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஷ்ரவுட் இல்லாத விசிறி அதே சூடான காற்றைச் சுற்றிச் சுற்றிக் கலக்கும். இறக்கைகள் பாதி ஷ்ரவுட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருப்பது நல்ல இடம். ரேடியேட்டரின் பக்கங்களிலும் மேலும் உள்ள இடைவெளிகளை அடர்ந்த ஃபோம் பட்டையால் அடையுங்கள். காற்று சோம்பேறி, சந்து கிடைத்தால் ரேடியேட்டருக்குள் நுழையாது. அழகுக்கு மாட்டிய பெரிய ஸ்பாட் விளக்குகளைக் கழற்றிவிட்டு ஒருநாள் ஓட்டிப் பார்த்தால் அவற்றின் விலை தெரியும்.

பானட்டின் பின்முனையை வாஷர் வைத்துத் தூக்கிவிடும் ஃபேஷன் ஒன்று இளைஞர்களிடம் இருக்கிறது. நெரிசலில் கொஞ்சம் சூடு வெளியேறும், உண்மைதான். ஆனால் வேகத்தில் முன்கண்ணாடியின் அடிவாரத்தில் காற்றழுத்தம் கூடுதல். அங்கே திறந்துவைத்தால் காற்று வெளியேறுவதற்குப் பதில் உள்ளே தள்ளும், ரேடியேட்டர் வழியாக வர வேண்டிய ஓட்டம் குறையும்.

எலெக்ட்ரிக் விசிறிக்கு நான் விரோதியில்லை, ஏர்கோன் பின்னால் சேர்த்த வண்டிகளுக்கு அது வேண்டியதே. கண்டென்சர் தன் சூட்டையெல்லாம் ரேடியேட்டருக்குப் போகும் காற்றில் கொட்டுகிறது. ஆனால் பழைய ஆல்டர்னேட்டர் 45, 50 ஆம்பியர்தான் தரும். பெரிய விசிறி ஒன்றே 20 ஆம்பியர் கேட்கும். முன்விளக்கு, வைப்பர், ஏர்கோன் எல்லாம் ஓடும் மழை நெரிசலில் கணக்கு உதைக்கும். ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் மாட்டவே வேண்டாம். ரேடியேட்டர் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் கட்டுகளைக் கோத்து விசிறியைத் தொங்கவிடுவதும் வேண்டாம். அதிர்வில் அது குழாயை அறுக்கும்.

எஞ்சினே சூட்டை அதிகம் உண்டாக்கினால்

தண்ணீரும் காற்றும் சரியாக இருந்தும் விரைவுச்சாலையில் சூடு ஏறினால், தீப்பொறியின் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை எடுங்கள். தீப்பொறி தாமதமானால் எரிதல் பிந்தி, சூடு பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதில் ஹெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் போகிறது. ஐட்லிங்கில் எஞ்சின் கப்பியில் உள்ள குறி சரியாக இருந்தால் போதாது. ஆர்பிஎம்மைக் கூட்டும்போது குறி முன்னே நகர வேண்டும். நகராமல் நின்றால், அல்லது திக்கித் திக்கி நகர்ந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எடைகள் ஒட்டியிருக்கின்றன. கழற்றி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வாக்குவம் அட்வான்ஸ் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே தகடு அசைந்து, நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். அதற்குள் இருக்கும் சவ்வான டயஃப்ரம் ஓட்டை விழுவது நம் ஊர்ப் பழைய வண்டிகளில் சாதாரணம்.

ஸ்பார்க் பிளக்குகள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் காற்று நுழைகிறதா, ஃப்ளோட் மட்டம் சரியா என்று பாருங்கள். பழைய இரட்டைக் கார்புரேட்டரை எடுத்துவிட்டு மூன்று மிக்குனி சோலெக்ஸ் 44 கார்புரேட்டர் போட்டவர்கள், எஞ்சினை 2.8 லிட்டர் ஆக்கியவர்கள், ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) கணக்கைச் சொந்த எஞ்சினுக்குப் பார்த்திருக்க வேண்டும். எங்கோ ஜப்பானில் ஒருவர் போட்ட ஜெட் அளவை அப்படியே போட்டால் ஒத்துவராது. கூடுதல் குதிரைசக்திக்குக் கூடுதல் சூடு உண்டு. இந்தக் கூட்டத்துக்கு மட்டும் பெரிய ரேடியேட்டர் நியாயமான செலவு.

கேஸ்கெட் சந்தேகம் வந்தால், குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து கிளப்பி, ரேடியேட்டர் வாயைப் பாருங்கள். காற்று முதலில் கொஞ்சம் வந்து நிற்கலாம்; நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிகிறது. நீல நிறத் திரவம் மஞ்சளாகும் சோதனைக் கருவி பட்டறைகளில் கிடைக்கும், ஹெட்டைக் கழற்றுமுன் அதைச் செய்யுங்கள். எண்ணெய் மூடிக்கு அடியில் வெள்ளை நுரை கண்டு அலறாதீர்கள். நம் ஈரக்காற்றில் குறுகிய தூரம் ஓடும் எஞ்சினில் அது வரும். எண்ணெய் அளக்கும் கம்பியிலும் பால் கலந்த நிறம் தெரிந்தால்தான் கவலை. ஹெட்டைக் கழற்றினால் நேர்க்கோல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தால் இழைக்காமல் மூடக்கூடாது.

ஓட்டிச் சோதிப்பது

நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பொது இடத்தில் அது இங்கே குற்றம், எஞ்சினுக்கும் நல்லதில்லை. வாராவாரம் ஐந்து நிமிடம் கிளப்பி நிறுத்துவதும் ஈரத்தைச் சேர்ப்பதோடு சரி. கிடைக்கும் நாட்களில் எடுத்து, ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள்.

நான் இரவில் போவேன். முதலில் தீவு விரைவுச்சாலையில் நிதானமாக ஒரே வேகம், எண்ணை எழுதுவது. பிறகு ஃபேபர் மலை ஏற்றம், இரண்டாவது கியரில். இறங்கியதும் மறுபடி எண். அடுத்த சோதனை பகலில், சாதாரண மாலை நெரிசலில். மூன்றும் நோட்டில் ஒத்துப்போன பிறகுதான் மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்து வரிசையைப் பற்றி யோசிப்பேன். பள்ளி விடுமுறை வெள்ளிக்கிழமை மாலையில் அந்த ஒரு கிலோமீட்டரில் நகர்ந்து நகர்ந்து நிற்பதைவிடக் கடுமையான சோதனை ராலியில்கூட இல்லை.

அங்கே முள் ஏறினால் ஏர்கோனை அணைத்து, ஹீட்டரை முழுக்கத் திறந்து, சன்னல்களை இறக்குங்கள். வேர்க்கும், ஆனால் ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டர். நின்றிருக்கும்போது நியூட்ரலில் 1500 ஆர்பிஎம் பிடித்தால் பம்ப்பும் விசிறியும் வேகமெடுக்கும். அதற்கும் அடங்காவிட்டால் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். விரைவுச்சாலையில் நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இழுவை வண்டி அருகிலுள்ள நிறுத்துமிடம்வரை இலவசமாகக் கொண்டுபோய் விடும். சூடான மூடியைத் தொடவே கூடாது. மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு, தடித்த துணியைப் போட்டு, முதல் பல்வரை மட்டும் திருப்பி அழுத்தம் போகவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரைச் சூடான பிளாக்கில் கொட்டினால் அலுமினிய ஹெட் அங்கேயே வளைந்துவிடும். வண்டியின் பின்னால் வேண்டியவை: கலந்து வைத்த கூலண்ட் ஐந்து லிட்டர், ஒரு உபரி பெல்ட், மேல் ஹோஸ், இரண்டு கிளிப், தடித்த துணி, அந்த நோட்டுப் புத்தகம்.